முடிவெடுத்த பின் மனம் எழுதும் கள்ளக் கணக்கு: மன முரணைக் கையாளும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒருவர், பெட்ரோல் போடுவதற்காகவே முள்ளோடையில் புதுச்சேரி எல்லையைத் தாண்டி பைக்கை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 ரூபாய் குறைவு என்றால், 5 லிட்டருக்கு மிச்சம் 30 ரூபாய். போக வர 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி குடிப்பது ஏறக்குறைய 45 ரூபாய்க்கு. ஆக 15 ரூபாய் நஷ்டம், போதாததற்கு ஒரு மணி நேரமும் காலி. இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள். "அப்படியா, இனிமே போகல" என்பவர் அபூர்வம். "அந்த பங்க்ல அளவு சுத்தமா இருக்கும் சார்", "காத்து வாங்கிட்டு வந்த மாதிரியும் ஆச்சு", "எப்படியும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு" என்று மூன்று காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவர் நம்மிடம் பொய் சொல்லவில்லை. சொல்கிற அந்த நேரத்தில் மூன்றையும் அவரே நம்புகிறார்.

"நான் விவரமானவன்" என்ற நினைப்பும் "நஷ்டத்துக்கு 20 கிலோமீட்டர் போய் வந்தேன்" என்ற உண்மையும் ஒரே தலைக்குள் ஒத்துப்போகாமல் எழுகிற உறுத்தலை உளவியலில் காக்னிடிவ் டிஸோனன்ஸ் என்கிறார்கள். இங்கே சுருக்கமாக மன முரண் என்போம். அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் இதை ஒரு கோட்பாடாக நூல் வடிவில் முன்வைத்தார். உறுத்தலைத் தணிக்க மனதுக்குச் சில வழிகள் உண்டு: செய்வதை மாற்றிக்கொள்ளலாம், நினைப்பதை மாற்றிக்கொள்ளலாம், புதிதாக ஒரு காரணத்தைக் கொண்டுவந்து தராசைச் சமன் செய்யலாம், "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தள்ளியும் விடலாம். செய்தது செய்து முடித்தாகிவிட்டால் முதல் வழி அடைபட்டுவிடும். மிச்சமிருக்கும் மூன்றுக்கும் காசு செலவில்லை என்பதால் மனம் அங்கேதான் ஓடும்.

இந்த வழிகாட்டி ஒரே நிலைப்பாட்டை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. உறுத்தல் வந்த பிறகு அதோடு வாதாடி ஜெயிப்பது கடினம், ஏனென்றால் வாதாடுவதும் அதே மனம்தான். முடிவெடுக்கும் முன் காகிதத்தில் எழுதிவைத்தது மட்டுமே பின்னால் சாட்சி சொல்லும். ஆகவே வேலையில் பெரும்பங்கு முன்னாலேயே நடக்க வேண்டும்.

பயத்துக்குக் காரணம் தேடும் மனம்

ஃபெஸ்டிங்கருக்கு இந்த யோசனையின் வித்து கிடைத்தது நம் நாட்டிலிருந்து. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம். அதையொட்டிப் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் திரட்டிப் பதிவுசெய்திருந்தார். அதில் ஒரு விசித்திரம். அதிர்ச்சியை நன்றாக உணர்ந்தும் சேதம் எதுவும் ஆகாத பகுதிகளில், "இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது" என்ற வதந்திகள் ஓடின. தப்பித்தவர்கள் நிம்மதி தரும் கதைகளைத்தானே பரப்ப வேண்டும்? ஏன் இன்னும் பயமுறுத்தும் கதைகள்? ஃபெஸ்டிங்கர் கொடுத்த விளக்கம் இது: உடம்பு ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கிறது, கண்ணெதிரே நடுங்குவதற்கு எதுவும் இல்லை. இரண்டும் ஒட்டவில்லை. "பெரிசா ஏதோ வரப்போகுது" என்ற செய்தி அந்தப் பயத்துக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்துவிடுகிறது. இதற்கு எதிர்ப்பக்கமாக, டார்ஜிலிங் நிலச்சரிவில் உண்மையான அழிவைக் கண்ணால் பார்த்தவர்களிடையே அப்படி ஊதிப் பெருக்கிய வதந்திகள் இல்லை என்பதை துர்கானந்த் சின்ஹா 1952இல் பதிவுசெய்தார். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் எதிரிலேயே கிடந்தது.

2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30 தானே புயலையும் கண்ட கடலூர், புதுச்சேரிக் கரையில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் வந்தவுடன் தெரு வாட்ஸ்அப் குழுவில் "இன்னிக்கு ராத்திரி தானே மாதிரி அடிக்கும்" என்று ஒரு குரல் பதிவு வந்தால், "வதந்தியைப் பரப்பாதீங்க" என்று பதில் போடுவது ஏறக்குறைய வீண். அது பயத்தைத் தொடாமல், பயத்துக்குக் கிடைத்த காரணத்தை மட்டும் பிடுங்குகிறது. மனம் வேறொன்றைத் தேடிக்கொள்ளும். வேலைக்காகும் வரிசை வேறு. முதலில் பயத்தை ஒத்துக்கொள்ளுங்கள்: "தானே அடிச்ச ஊருல காத்துச் சத்தம் கேட்டா பக்குனுதான் இருக்கும்." பிறகு வானிலை ஆய்வு மையத்தின் கடைசி அறிவிப்பை, அது வந்த நேரத்தோடு போடுங்கள். மூன்றாவதாகக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பவர் பேங்க் சார்ஜ், 20 லிட்டர் குடிநீர், மாடியில் கிடக்கும் தகரத்தைக் கட்டுவது. செய்வதற்கு வேலை கிடைத்த பயம் கதை தேடி அலைவது குறையும்.

எப்போது உறுத்தும், எப்போது உறுத்தாது

இரண்டு எண்ணங்கள் மோதினாலே முரண் வந்துவிடும் என்பதில்லை. பின்னாளில் ஆய்வாளர்கள் சேர்த்த நிபந்தனைகள்: செயலை நாமே விரும்பிச் செய்திருக்க வேண்டும், அதனால் யாருக்கோ, எதற்கோ ஒரு கெடுதல், அந்தக் கெடுதல் முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடியது, பொறுப்பு நம்முடையது. மேலதிகாரி கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினால் கோபம் வரும், முரண் வராது.

இதற்கு அடிக்கடி காட்டப்படும் சோதனை, ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களை ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலையில் உட்காரவைத்தார்கள்: அரை மணி நேரம் நூல்கண்டு உருளைகளைத் தட்டில் அடுக்கி எடுத்து மறுபடி அடுக்குவது, அடுத்த அரை மணி நேரம் 48 மர முளைகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்புவது. முடிந்ததும் வெளியே காத்திருக்கும் அடுத்த ஆளிடம் "ரொம்ப சுவாரசியமா இருந்துச்சு" என்று சொல்லச் சொன்னார்கள். அதற்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிறகு, அந்த வேலை உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டபோது, கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரையிலான அளவுகோலில், 1 டாலர் வாங்கியவர்கள் சராசரியாக 1.35 போட்டார்கள். 20 டாலர் வாங்கியவர்களின் சராசரி பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. 20 டாலருக்காகப் பொய் சொன்னவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ஒரு டாலருக்குச் சொன்னவனுக்கு அது இல்லை. அவன் தன் கருத்தையே கொஞ்சம் நகர்த்திக்கொண்டான்.

இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024இல் 19 நாடுகளைச் சேர்ந்த 39 ஆய்வகங்கள், தன் கருத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதவைக்கும் வகைச் சோதனையைச் சேர்ந்து செய்து பார்த்தன. "விருப்பம் இருந்தால் எழுதுங்கள்" என்று கேட்கப்பட்டவர்களுக்கும் "எழுதுங்கள்" என்று சொல்லப்பட்டவர்களுக்கும் இடையே பாடப்புத்தகம் சொல்லும் வேறுபாடு கிடைக்கவில்லை. ஆனால் எதிராக எழுதியவர்களின் கருத்து, சம்பந்தமில்லாத கட்டுரை எழுதியவர்களுடையதைவிட நகர்ந்திருந்தது. நடைமுறைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது: வாயால் சொன்னதும் கையால் எழுதியதும் கருத்தை இழுக்கும் என்பதை நம்பலாம், சுதந்திரம் எவ்வளவு முக்கியம் என்பதில் அடக்கி வாசிப்பது நல்லது.

முடிவுக்கு முன்: கால் தாள் சீட்டு

எல்லாவற்றுக்கும் இது வேண்டாம். புதுச்சேரி நேரு வீதியில் வாங்கிய சேலையின் நிறம் வீட்டு வெளிச்சத்தில் வேறாகத் தெரிந்து, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று மனம் சமாதானம் ஆகிவிட்டால் அது நல்லதுதான், தோண்ட வேண்டியதில்லை. ஒரு மாத வருமானத்துக்கு மேல் பணம், ஒரு வருடத்துக்கு மேல் நேரம், அல்லது இன்னொருவருடைய வாழ்க்கை, இந்த மூன்றில் ஒன்று மாட்டியிருந்தால் சீட்டு எழுதுங்கள்.

ஊருக்கு வெளியே மனை வாங்குவதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மன முரண் இவ்வளவு பச்சையாக வேறெங்கும் தெரியாது. டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய நாள் "பள்ளமா இருக்கே" என்றவர், கொடுத்த மறுநாள் "தண்ணி நின்னா நிலத்தடி நீர் நல்லா இருக்கும்" என்பார். "பஸ் ஸ்டாப் தூரம்" என்பது "சத்தமில்லாத இடம்" ஆகும். "பக்கத்துல ஒரு வீடுகூட இல்ல" என்பது "இன்னும் ரெண்டு வருஷத்துல விலை எகிறும்" ஆகும். நிலம் அதே நிலம்தான். இடையில் நடந்தது ஐம்பதாயிரம் ரூபாய் கை மாறியது மட்டும். கனடாவின் வான்கூவர் குதிரைப் பந்தயத் திடலில் 1968இல் நாக்ஸ், இங்க்ஸ்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. 2 டாலர் கட்டுவதற்குச் சில நொடிகள் முன் கேட்டபோது, தன் குதிரை ஜெயிக்கும் என்ற நம்பிக்கைக்கு 7க்கு ஏறக்குறைய மூன்றரை மதிப்பெண் போட்டார்கள். கட்டிவிட்டு நகர்ந்தவர்களைக் கேட்டால் அது ஐந்துக்குப் பக்கத்தில் போயிருந்தது. குதிரையைப் பற்றிப் புதிதாக ஒரு தகவலும் வரவில்லை. பணத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பது மட்டுமே புதிது.

சீட்டுக்கு ஏ4 தாளில் கால் பங்கு போதும். பெரிய தாள் எடுத்தால் மனம் வியாக்கியானம் எழுத ஆரம்பித்துவிடும். அதில் நான்கு விஷயங்கள்:

1. என்ன முடிவு, எவ்வளவு தொகை, இன்றைய தேதி.

2. இதற்கு எதிரான காரணங்கள் மூன்று. இப்போது மனதில் எவ்வளவு கடுமையாகத் தோன்றுகிறதோ அதே வார்த்தைகளில். "கொஞ்சம் தாழ்வான பகுதி" என்று நாகரிகப்படுத்தாதீர்கள். "மழைக்கு மிதக்கும்" என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள்.

3. என்ன விவரம் வந்தால் பின்வாங்குவேன்.

4. எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பேன், சீட்டு யாரிடம் இருக்கும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது மூன்றாவது. "சரியில்லன்னா விட்டுடுவேன்" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம், ஏனென்றால் எது சரியில்லை என்பதை நாளை முடிவுசெய்யப்போவது அட்வான்ஸ் கொடுத்துவிட்ட மனம். வாசலில் நிற்கிற ஆள்கூடச் சரிபார்த்துச் சொல்லும்படி எழுத வேண்டும்: "30 வருட வில்லங்கச் சான்றில் தீராத அடமானம் இருந்தால் வேண்டாம்." "டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணை மூன்று நாளில் காட்டாவிட்டால் வேண்டாம்." "2015 வெள்ளத்தில் இங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சொன்னால் வேண்டாம்." வெள்ளத்தைப் பற்றி டீக்கடையில் கேட்கும்போது, மனையைக் காட்டிய புரோக்கர் பக்கத்தில் இருக்கக் கூடாது. முடிந்தால் நவம்பரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மே மாதத்தில் எல்லா மனையும் மேட்டு மனைதான்.

சீட்டைப் போனின் குறிப்புப் பகுதியில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் சத்தமில்லாமல் திருத்தலாம், திருத்தியதும் நினைவில் நிற்காது. கையால் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். அந்த ஒருவர் யார் என்பது முக்கியம். இந்தப் பேரத்தில் ஆதாயம் இல்லாதவர், பின்னாளில் "நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று குத்திக்காட்டாதவர். இரண்டாவது தகுதி குடும்பத்தில் கொஞ்சம் அரிது. பழைய சக ஊழியர், ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி ஆள் நல்லது.

"சாயந்திரம் இன்னொரு பார்ட்டி வராங்க" என்று புரோக்கர் சொன்னாலும் சீட்டுக்கும் அட்வான்ஸுக்கும் இடையில் ஓர் இரவு விடுங்கள். டோக்கன் தொகையை முடிந்தவரை சிறியதாக வைத்து, "பத்திரத்தில் குறை இருந்தால் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். இது சட்டப் பாதுகாப்பு மட்டும் அல்ல. திரும்பக் கிடைக்கும் பணம் மனதை அவ்வளவாக வளைக்காது. பின்வாங்கும் வாசல் திறந்திருக்கிற வரையில் கண் குறையையும் பார்க்கும்.

பிறருக்காக எடுக்கும் முடிவுகள்: பெண்ணுக்குப் பார்த்த வரன், பையனுக்குச் சேர்த்த கல்லூரி, அப்பாவுக்குத் தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரி. இவற்றுக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆசியப் பின்னணி கொண்ட கனடியர்களிடம் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், தமக்காகத் தேர்ந்தெடுத்த உணவைவிட நண்பருக்காகத் தேர்ந்தெடுத்ததையே அவர்கள் அதிகமாக நியாயப்படுத்தினார்கள். "நான் விவரமானவன்" என்பதைவிட "நான் நம்மவங்களுக்குக் கெடுதல் பண்ண மாட்டேன்" என்ற நினைப்பு ஆழமாக வேரோடியிருக்கும் இடத்தில் உறுத்தலும் அங்கேதான் அதிகம். பையன் மூன்றாவது செமஸ்டரில் பிடிக்கவில்லை என்று அழும்போது, "போகப் போக சரியாயிடும்" என்று அப்பா சொல்வதில் எவ்வளவு பையனுக்கான ஆறுதல், எவ்வளவு தன் முடிவுக்கான காவல் என்று அவருக்கே தெரியாது. இத்தகைய முடிவுகளில் சீட்டின் மூன்றாவது வரியை, யாருக்காக முடிவோ அவரே எழுத வேண்டும்.

முடிவுக்குப் பின்: சாக்குப்போக்கைப் பிடிக்கும் பத்து நிமிடம்

சீட்டு எழுதாமலேயே மாட்டிக்கொண்டவர்களுக்கு இது. உறுத்தலை நேரடியாகப் பிடிக்க முடியாது, அது மிக வேகமாகக் கடந்துபோகும். அது விட்டுச்செல்லும் வார்த்தைகளைப் பிடிக்கலாம். "எல்லாரும்தான் பண்றாங்க." "ஒரு தடவைதானே." "இவ்ளோ போட்டாச்சு, இப்ப எப்படி விடுறது?" "எது நடந்தாலும் நல்லதுக்குத்தான்." இவை எப்போதும் தவறு என்றில்லை. ஆனால் யாரும் கேட்காதபோதே நாமாக இதைச் சொன்னால், அல்லது ஒரே காரணத்தை ஒரே நாளில் இரண்டு பேரிடம் விளக்கினால், உள்ளே ஏதோ சமன் செய்யப்படுகிறது என்று கொள்ளலாம்.

அப்போது உட்கார்ந்து செய்ய வேண்டியது: மோதும் இரண்டு எண்ணங்களையும் "ஆனால்" போட்டு ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "நான் உடம்பைப் பார்த்துக்கொள்பவன், ஆனால் சுகர் இருந்தும் மாத்திரையை நிறுத்திவிட்டேன்." அடுத்து, இப்போது சொல்லும் காரணங்களைக் கீழே வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது முதலில் எப்போது தோன்றியது என்று குறியுங்கள்: செயலுக்கு முன்னா, பின்னா? பின்னால் பிறந்த காரணங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதை வைத்து ஒரே கேள்வி: இது இன்று என்னிடம் இல்லை, நான் எதையும் ஆரம்பிக்கவில்லை என்றால், இன்று இதை ஆரம்பிப்பேனா? இல்லை என்ற பதில் வந்தால் அன்றே ஒரு சிறிய செயல் வேண்டும். டாக்டரிடம் நேரம் வாங்குவது போதும், முழுவதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. செயல் இல்லாமல் விட்டால் அடுத்த வாரத்துக்குள் புதுக் காரணம் முளைத்துவிடும்.

இதில் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று உடம்பு. மன முரண் உடலிலும் ஒரு படபடப்பாக வருகிறது. ஒரு சோதனையில் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, அந்தப் படபடப்புக்கு அதுதான் காரணம் என்று நம்பவைத்தபோது கருத்து மாற்றம் வெகுவாகக் குறைந்ததை சான்னாவும் கூப்பரும் 1974இல் காட்டினார்கள். அக்னி நட்சத்திர வெயிலும் நான்காவது டீயும் தூக்கம் கெட்ட ராத்திரியும் நமக்கு அந்த மாத்திரையின் வேலையைச் செய்யும்: "வெயில்ல வந்தது, அதான் எரிச்சலா இருக்கு" என்று கணக்கை மூடிவிடுவோம். ஆகவே இதைக் காலையில், சாப்பிட்ட பிறகு செய்யுங்கள். இன்னொன்று, சுயகௌரவம் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் நாளில் இது பலிக்காது. தன்னைப் பற்றி வேறொரு துறையில் நல்லதாக ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டவர்களுக்கு இந்தத் தற்காப்பு தளரும் என்பது உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1980களில் தொடங்கிய ஆய்வுகளின் சாரம். தனக்கு எது பெரிது, குடும்பமா தொழிலா நட்பா, என்று ஐந்து நிமிடம் எழுதிவிட்டுத் தொடங்கலாம். ஆனால் அடிபட்ட அதே விஷயத்தில் தன்னைத் தட்டிக்கொடுத்தால் உறுத்தல் கூடும். பண விஷயத்தில் ஏமாந்தவர் "நான் கணக்கில் புலி" என்று எழுதத் தொடங்குவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான்.

வீட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தால்

மாதம் பத்து சதவீத வட்டி என்று சொன்ன திட்டத்தில் அப்பா பணம் போட்டிருக்கிறார். ஆறு மாதம் வந்தது, மூன்று மாதமாக இல்லை. மகன் வந்து ஆதாரங்களைக் கொட்டுகிறான். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் அப்பாவின் நம்பிக்கை கூடுகிறது. ஆதாரம் வலுவாக வலுவாக "நான் முட்டாளா?" என்ற கேள்வி கூர்மையாகும்; அதிலிருந்து தப்ப ஒரே வழி, திட்டம் நல்ல திட்டம்தான் என்று இன்னும் உறுதியாக நிற்பது. "அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்ற ஒரு வாக்கியம் போதும், இரண்டு மாதப் பேச்சு வீண்.

முடிவையும் ஆளையும் பிரித்துப் பேச வேண்டும். ஏறத்தாழ இப்படி:

"அப்பா, ஆறு மாசம் ஒழுங்கா வட்டி வந்துச்சு. அதைப் பார்த்துத்தான் போட்டீங்க. இப்ப மூணு மாசமா வரல. இது அன்னிக்கு உங்களுக்குத் தெரியாத விஷயம்."

"வரும்டா. ஆடிட்டிங் நடக்குதாம்."

"சரிப்பா. இன்னிக்கு உங்க கையில புதுசா ஒரு லட்சம் இருந்தா, இதே இடத்துல போடுவீங்களா?"

இதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் விட்டுவிடுங்கள். கேள்வி அவரோடு போகும். அடுத்த சுற்றில் "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லவைக்க முயலாமல் ஒரு சிறு செயலுக்கு மட்டும் சம்மதம் வாங்குங்கள்: மேற்கொண்டு பணம் போடுவதில்லை, ரசீதுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஒரு கவரில் எடுத்துவைப்பது. போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக நேர்ந்தால் அந்தக் கவர்தான் வேண்டும்.

ஒன்று மட்டும் காத்திருக்க முடியாதது. அவர் அத்தையையும் பக்கத்து வீட்டுக்காரரையும் அதில் சேர்க்கத் தொடங்கினால் அன்றே குறுக்கிடுங்கள். 1954 டிசம்பரில் உலகம் வெள்ளத்தில் மூழ்கும் என்று நம்பிய ஓர் அமெரிக்கக் குழுவை ஃபெஸ்டிங்கர் குழுவினர் உள்ளே புகுந்து கவனித்து, வெள்ளம் வராத பிறகு அவர்கள் முன்னைவிடத் தீவிரமாக ஆள் சேர்த்தார்கள் என்று எழுதினார்கள். அந்தக் குழுவுக்குள் கலந்திருந்த ஆய்வாளர்களே நிகழ்ச்சிகளைப் பாதித்தார்கள் என்ற விமர்சனம் வலுவாக இருக்கிறது, ஆகவே அதை ஆதாரமாகத் தூக்கிப்பிடிக்க வேண்டாம். அது இல்லாமலேயே காரணம் தெளிவு: அத்தையின் பணமும் போய்விட்டால் அப்பா நியாயப்படுத்த வேண்டியது இரட்டிப்பாகிவிடும், வெளியே வரும் வழி அந்த அளவுக்குக் குறுகும்.

முரணை வேலைக்குப் பயன்படுத்துவது

கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் 1992இல் வெளியான சோதனை. நீந்திவிட்டு ஷவருக்குப் போகும் மாணவிகளிடம், தண்ணீர்ச் சிக்கனத்தை வலியுறுத்தும் சுவரொட்டியில் கையெழுத்துக் கேட்டார்கள். தாங்களே தண்ணீரை வீணாக்கிய தருணங்களையும் நினைவுபடுத்தவைத்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் ஷவரில் நின்ற நேரம் மூன்றே முக்கால் நிமிடத்தை ஒட்டி, எதுவும் செய்யாதவர்கள் ஐந்து நிமிடத்தை ஒட்டி. ஊருக்கு உபதேசம் செய்வதும் தன் குறையை நினைப்பதும் ஒன்றாகச் சேரும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஹெல்மெட்டுக்கு இதைச் செய்யலாம். விரும்பி வருபவர்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு நிமிட வீடியோ பேசட்டும்: கடலூர் – புதுச்சேரி சாலையில் ஏன் ஹெல்மெட் வேண்டும் என்று. அது முடிந்த கையோடு, தான் கடந்த ஒரு மாதத்தில் ஹெல்மெட் போடாமல் போன தருணங்களைத் தனியாக எழுதட்டும்: எங்கே, எந்த நேரம், என்ன சாக்கு. அதை யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது. வெளியே வரும் வாசலிலேயே ஹெல்மெட் பட்டை சரிசெய்வது, பழையதை மாற்ற முன்பதிவு, இப்படி உடனே செய்ய ஒன்று இருக்க வேண்டும். சொதப்புவது பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில்: பொறுப்பாசிரியர் அந்தத் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தால், மாணவன் வெட்கத்திலிருந்து தப்பிக்க "ஹெல்மெட் போட்டா முடி கொட்டும்" கட்சிக்குப் போய்விடுவான். வீடியோ ஒரு வாரம், பட்டியல் அடுத்த வாரம் என்று பிரித்தாலும் சூடு ஆறிவிடும்.

குழந்தைகளிடம் இதன் இன்னொரு முகம். அரோன்சனும் கார்ல்ஸ்மித்தும் 1963இல் செய்த சோதனையில், பிடித்த பொம்மையைத் தொடக் கூடாது என்று லேசாகக் கண்டிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பொம்மையின் மேல் ஆசை குறைந்தது. கடுமையாக மிரட்டப்பட்டவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. அடங்குவதற்குப் போதுமான அளவே கண்டிப்பு, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். அளவு தப்பிக் குறைந்து, பிள்ளை தொட்டேவிட்டால் விளைவு தலைகீழாகும்: "இவ்ளோ சொல்லியும் எடுத்தேன்னா, இது எனக்கு அவ்ளோ பிடிக்கும்போல." கணக்கில் சென்டம் வாங்கினால் பைக் என்பதும் அந்த 20 டாலர் வகையறா. மார்க் வரலாம், கணக்கு பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளப் பையனுக்குக் காரணம் இருக்காது.

எல்லா உறுத்தலும் இந்த வகை அல்ல. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால், சீட்டையும் பட்டியலையும் ஓரம் வைத்துவிட்டு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள்; அல்லது ஜிப்மர், கடலூர் அரசு தலைமை மருத்துவமனை போன்ற இடத்தில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அடிக்கிற கணவனோடு இருக்கும் பெண் "அவரு மனசளவுல நல்லவருதான்" என்று சொல்வதை மன முரண் என்று பெயரிட்டு அவருக்கே வகுப்பெடுப்பது உதவாது. அங்கே முதல் தேவை பாதுகாப்பு, பெண்கள் உதவி எண் 181.

சீட்டுகளைப் பராமரிப்பது பற்றி: திரும்பப் பார்க்கும் தேதி வந்ததும், இப்போது நினைவில் இருக்கும் எதிர்க்காரணங்களைச் சீட்டைத் திறக்காமல் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். மூன்றில் எது காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். மனம் கை வைத்த இடம் பெரும்பாலும் அதுவே. நிபந்தனையைத் தளர்த்தத் தோன்றினால் பழைய வரியை அடிக்காதீர்கள். அதன் கீழே அன்றைய தேதி போட்டு, புதிதாக வந்த தகவல் என்ன என்பதை எழுதிவிட்டுத் தளர்த்துங்கள். எழுத எந்தத் தகவலும் இல்லையென்றால் பழைய வரியே நிற்கட்டும், சீட்டை வைத்திருப்பவருக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.